கேட்ட நாளில் பேசாதிருந்தவர்

எங்கள் தெருவில் கண்ணாடிக் கடை வைத்திருந்தவருக்கு 'உம்' என்று பட்டப்பெயர். எதைச் சொன்னாலும் அவரிடமிருந்து வரும் பதில் அதுதான்.

"நாளைக்கு வந்து வாங்கிக்கட்டுமா?"

"உம்."

"போன தடவை போட்டது ஆடுதே."

"உம்."

மறுநாள் போனால் புதுக் கண்ணாடி தயாராக இருக்கும். ஆடின கண்ணாடி ஆடாமல் நிற்கும். ஆகவே யாருக்கும் குறையில்லை.

அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் கடையில் ஒரே ஒரு சட்டம்தான். கோடு ஓடும்போது வாய் திறக்கக் கூடாது. கண்ணாடியை வெட்டுவது என்று சொல்கிறோமே தவிர, யாரும் அதை வெட்டுவதில்லை. கம்பளி விரித்த மேசையில் தகட்டைக் கிடத்தி, மரக்கோலை அண்டக் கொடுத்து, மண்ணெண்ணெயில் தோய்த்த சிறு சக்கரத்தை ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை ஒரே இழுப்பில் ஓட்ட வேண்டும். பட்டுத்துணி கிழிவது போல ஒரு சத்தம் வரும். பிறகு அடியில் லேசாகத் தட்டினால் தகடு தானே இரண்டாகும். கோடு நடுவில் நின்றுவிட்டால் தகடு வீண். அதே கோட்டில் மறுபடி ஓட்டினால் சக்கரமும் கெடும், கண்ணாடியும் தன் இஷ்டத்துக்கு விரியும். பேசினால் நெஞ்சு அசையும், நெஞ்சு அசைந்தால் கை அசையும் என்பது அந்தக் குருநாதரின் கணக்கு. கடைக்கு வருகிறவர்களும் அந்தச் சத்தம் கேட்டால் வாசலிலேயே நின்று, அது ஓய்ந்த பிறகுதான் உள்ளே காலெடுத்து வைப்பார்கள்.

எங்கள் கூடத்தைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். எபிரேய வேதத்தை வாரம் ஒரு பகுதியாக வாசித்து, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிற சிறிய கூட்டம் நாங்கள். கூடத்தின் சாவியும் பதிவேடும் என் பொறுப்பு. பக்கத்து வீட்டுத் தகராறு, பங்காளித் தகராறு எதுவானாலும் நீதிமன்றம் போவதற்கு முன்னால் கூடத்தில் சாட்சிகளை வைத்துப் பேசி முடித்துக்கொள்வோம். சாட்சிக்கு ஒரே தகுதி, ஆணையிட்டோ நேர்ந்துகொண்டோ மீறாதவராக இருக்க வேண்டும். மீறினவரை 'வாக்கு இல்லாதவர்' என்பார்கள். அவருக்கு வேறு தண்டனை கிடையாது. கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார வேண்டும், சாட்சிக்குக் கூப்பிட மாட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பயந்தே பல பேர் வாயை அளந்து திறப்பார்கள்.

கூடத்தில் அதிகம் தேடப்பட்ட சாட்சி கண்ணாடிக்காரர்தான். வளவளவென்று பேசுகிறவரிடம் எது பார்த்தது, எது சேர்த்தது என்று பிரித்தெடுக்க வேண்டும். இவரிடம் பிரிக்க ஒன்றுமே இராது. அந்தப் பெருமை தனக்குப் பிடிக்கும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் சாட்சிக்கு வரும் நாளில் மட்டும், நகக்கண்ணில் ஒட்டியிருக்கும், கண்ணாடியைச் சட்டத்தில் பதிக்கிற மக்குப் பசையைக் கத்திமுனையால் ஒவ்வொரு விரலாகச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் வருவார்.

அவர் பேசாத பேச்சையெல்லாம் அவர் மனைவி பேசினார். தெருவில் எல்லோருக்கும் அவர் அக்கா. அவரைவிட மூத்தவனான எனக்கும் அக்காதான். வீடு வீடாகப் போய் அளவு எடுப்பது, மக்குப் பிசைவது, சட்டத்தில் கண்ணாடி ஏற்றிச் சிற்றாணி அடிப்பது, வந்தவர்களைச் சிரிக்க வைத்து அனுப்புவது எல்லாம் அக்காவின் வேலை. சொன்ன சொல் மாறாதவர் என்று அவருடைய தகப்பனாருக்குக் கூடத்தில் பெயர் இருந்தது. அது தனக்கு வந்த சொத்து என்று அக்கா நினைத்திருந்தார்.

நிஜமாகவே அக்கா என்று கூப்பிட உரிமையுள்ளவர் ஒருவர்தான். தெருக்கோடியில் தச்சுப் பட்டறை வைத்திருந்த தம்பி. அவர்களுடைய அம்மாவும் தம்பி வீட்டில்தான் இருந்தார். தம்பி அடிக்கிற சட்டத்துக்கு அக்கா கண்ணாடி ஏற்றுவார். எங்கள் பக்கத்து ஜன்னல்களில் பாதிக்கு மேல் இப்படி அக்காளும் தம்பியுமாக முடித்தவைதான்.

சண்டை முடிதிருத்துபவரின் கடையில் ஆரம்பித்தது. சுவர் நீளத்துக்கு ஒரு பெரிய முகம்பார்க்கும் கண்ணாடி போட அவர் ஆசைப்பட்டார். தம்பி சட்டம் அடித்தார். அக்கா அளவு எடுத்தார். கண்ணாடியைக் கொண்டுபோய் வைத்தால் ஒரு விரற்கடை பெரிதாக நின்றது.

"அக்கா, அளவுகோலைத் தலைகீழாப் பிடிச்சியா?" என்றார் தம்பி.

"நீ தலைகீழா நின்னு மரத்தை அறுத்தியா?"

"அம்மாவைக் கேளு. சின்ன வயசுல மேசைக்குத் துணி தைக்கறேன்னு அளந்தே. கடைசியில அது கைக்குட்டையாச்சு."

நாற்காலியில் முகமெல்லாம் நுரையோடு உட்கார்ந்திருந்தவர் சிரித்துவிட்டார். காத்திருந்தவர்களும் சிரித்தார்கள். அக்கா பதில் சொல்லாமல் வெளியே நடந்தார். அவர் பதில் சொல்லாமல் போனதை அந்தத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை.

யார் அளவு தப்பு என்ற கேள்விக்கு இங்கேயே விடை எழுதிவிடுகிறேன். இரண்டுமே தப்பில்லை. புதிதாகச் சாயம் பூசிய மரம் ஈரக்காற்றில் உள்பக்கமாக உப்பியிருந்தது. வெயில் வந்ததும் மரம் வற்றி, அளந்து பார்த்தால் இருவர் அளவும் ஒன்றாக இருந்தது. அது தெரிய ஒரு வாரம் ஆயிற்று. ஆணைக்கு அரை நாழிகைகூட ஆகவில்லை.

அக்கா கடைக்குத் திரும்பியபோது கண்ணாடிக்காரர் அஞ்சலகத்து முகப்புக்கான தகட்டை மேசையில் கிடத்திக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். ஆள் நீளத் தகடு. பின்னாலேயே தம்பியும், தன் கடையில் ஆரம்பித்த சண்டையாயிற்றே என்று முடிதிருத்துபவரும் வந்து சேர்ந்தார்கள். அங்கே சொல்லப்பட்ட வார்த்தைகளை இவர்கள் இருவரிடமும் அக்காவிடமும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறேன். மூன்று பேர் சொன்னதும் ஒத்துப்போகிறது.

"அக்கா, சும்மா தமாஷுக்குச் சொன்னேன். விடு."

"விட்டுட்டேன். இதோட விட்டுட்டேன். கடவுள் மேல ஆணையாச் சொல்றேன். இனிமே உன் வாசப்படி மிதிக்க மாட்டேன். நீ அடிச்ச சட்டத்துல எங்க கண்ணாடி ஏறாது."

"ஐயோ, அக்கா, ஆணையெல்லாம் எதுக்கு? ஒரு விரல் விஷயம்," என்றார் முடிதிருத்துபவர்.

"சொன்னது சொன்னதுதான். என்னங்க, கேட்டீங்கல்ல?"

சக்கரம் பாதித் தகட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அன்று அந்த 'உம்'கூட வரவில்லை. கோடு கீழ்விளிம்பைத் தொட்டு அவர் நிமிர்ந்தபோது தம்பி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய்விட்டிருந்தார், அக்கா உள்ளே போயிருந்தார். அஞ்சலகத்துக்கு இன்னும் பல தகடுகள் வெட்ட வேண்டியிருந்தது. வெட்டினார். சாப்பிட்டார். தூங்கினார். அக்காவின் கோபம் அவருக்குப் புதிதல்ல. மழை மாதிரி, தானே பெய்து தானே நிற்கும் என்பது அவர் அனுபவம்.

மறுநாள் காலை பால்காரர் உடைந்த ஜன்னலைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இது யாரு அடிச்ச சட்டம்?" என்று கேட்டார் அக்கா.

"என்னக்கா, ஜன்னலுக்கு அப்பன் பேரெல்லாம் கேக்கறீங்க?"

"என் தம்பி அடிச்சதுன்னா வேற கடைக்குப் போங்க."

"வேற கடை ஆத்துக்கு அந்தாண்டை இருக்கு."

"பாலம் இருக்குல்ல?"

இப்படி ஆற்றுக்கு அந்தாண்டைக் கடைக்காரர் செழித்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது தவளைக்கு மட்டும் சொன்னதல்ல. அக்காவின் வீட்டு ஜன்னல் நான்கும் கல்யாணத்துக்குத் தம்பி அடித்துக்கொடுத்த சட்டங்கள். காற்றில் ஒன்று அடித்து உடைந்தபோது, கடை நிறையக் கண்ணாடி இருந்தும் அந்த ஜன்னலுக்கு அட்டைதான் வைத்தார்கள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

"அட்டைக் கடை எப்ப திறந்தீங்க அக்கா?"

"வெளிச்சம் கண்ணுக்கு ஆகலை. உங்க வேலையைப் பாருங்க."

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. அம்மாவின் விஷயம் அப்படியில்லை. ஆணையிட்ட நாளில் அம்மா நன்றாக நடமாடிக்கொண்டிருந்தார். தினமும் மகள் வீட்டுக்கு நடந்து வந்து, கடையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, மருமகனுக்கும் சேர்த்துப் பேசிவிட்டுப் போவார். ஆகவே தம்பியின் வாசற்படி அக்காவுக்குத் தேவைப்படவில்லை. அடுத்த வருஷம் அம்மாவின் முழங்கால்கள் மடங்க மறுத்தன. பிறகு அவர் தம்பி வீட்டை விட்டு இறங்கவில்லை.

அந்த வீட்டின் முன்னறை ஜன்னல் தெருவைப் பார்த்தது. அம்மாவை நாற்காலியோடு ஜன்னலோரம் நகர்த்தி வைப்பார்கள். அக்கா தெருவில் நின்றபடி ஜன்னல் வழியாகக் கையை நுழைத்து அம்மாவுக்குத் தலை வாரிவிடுவார், நகம் வெட்டிவிடுவார், ரொட்டியைப் பாலில் ஊறவைத்து ஊட்டுவார்.

"உள்ளே வந்து உட்காரேன்டி. காலு கெஞ்சலையா உனக்கு?"

"ஆணைம்மா."

"ஆணையும் பூனையும். உங்கப்பா புகையிலைய விடறேன்னு சத்தியம் பண்ணிட்டு, பொடி போட ஆரம்பிச்ச மனுஷன். அவர் பேரை நீ காப்பாத்தறியா?"

ஒருநாள் அந்த ஜன்னலுக்கு வெளியே ஒரு பலகை முளைத்தது, நிற்கிறவர் உட்கார. மழைக்காலம் வந்ததும் ஜன்னலுக்கு மேலே மரக்கூரை ஒன்று முளைத்தது. அக்கா அம்மாவிடம், "உன் பையன்கிட்ட சொல்லு, இதெல்லாம் யாரும் கேக்கலைன்னு," என்றார். உள்ளே இழைத்துக்கொண்டிருந்த தம்பி அம்மாவிடம், "உன் பொண்ணுகிட்ட சொல்லு, ஜன்னல் நனையுதுன்னுதான் போட்டேன்னு," என்றார். "ரெண்டு பேருக்கும் நான் என்ன தபால்காரியா?" என்றார் அம்மா. இப்படியே மூன்று குளிர்காலம் போயிற்று.

நான்காவது குளிரில் அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. காற்றுப் படவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கட்டிலை வீட்டின் பின்னறைக்கு, அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்கள். அக்கா வந்தபோது ஜன்னலுக்குள் காலி நாற்காலி இருந்தது. தம்பியின் மனைவி முன்னறைக்கும் பின்னறைக்குமாக நடந்தார்.

"அண்ணி, நீங்க வந்திருக்கீங்களான்னு அத்தை கேக்கறாங்க."

"வந்திருக்கேன்னு சொல்லு."

உள்ளே போய்த் திரும்பி வந்தார். "அப்ப தலை யாரு வாரறதுன்னு கேக்கறாங்க."

"நீ வாரிவிடேன்."

"நான் வாரினா இழுக்குதாம்."

மறுநாளும் இப்படித் தூது நடந்தது. அதற்கு மறுநாள் அம்மா கேள்வி எதுவும் அனுப்பவில்லை. பேசினால் மூச்சு வாங்குகிறது என்றார் தம்பியின் மனைவி. மருத்துவர் வெளியே வரும்போது அக்கா பலகையிலிருந்து எழுந்து நின்றார். "பார்க்க வேண்டியவங்க பார்த்துடுங்க," என்றுவிட்டு அவர் போனார். அக்கா ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வெளியேதான் நின்றார்.

அன்று மதியம் தம்பி உளிப்பையோடு கண்ணாடிக் கடைக்கு வந்தார். ஆணைக்குப் பிறகு அவர் அங்கே கால் வைத்தது அதுதான் முதல் தடவை. முடிதிருத்துபவரும் வந்திருந்தார். கூடத்தில் வேதம் வாசிக்கிறவர் உடைந்த விளக்குக் கண்ணாடி ஒன்றை மாற்ற வந்து அங்கே இருந்தார். நானும் இருந்தேன்.

"அத்தான்," என்றார் தம்பி கண்ணாடிக்காரரிடம், "வாசப்படியைப் பேத்து எடுத்துடறேன். நிலையையும் கழட்டிடறேன். படியே இல்லாட்டி எதை மிதிக்கறது?"

"அதுக்கு எதுக்கு அவ்வளவு வேலை?" என்றார் முடிதிருத்துபவர். "வாசலைத்தானே சொன்னாங்க. ஜன்னல் வழியா ஏறி உள்ளே போகட்டும். நாலு பேரு தூக்கி விட்டா ஆச்சு."

"என்னைத் தூக்க நாலு பேரு போதாது," என்றார் அக்கா. குரலில் சிரிப்பில்லை. "நான் என்ன திருட்டுப் பூனையா, ஜன்னல் ஏறிக் குதிக்க? படியைப் பேத்துட்டா கடவுளுக்குக் கண்ணு தெரியாமப் போயிடுமா?"

முடிதிருத்துபவர் விடவில்லை. "அந்த ராஜா கதை வாசிச்சோமே. சாயங்காலம் வரைக்கும் எவனும் சாப்பிடக் கூடாது, சாப்பிட்டா சாபம்னு படைக்கே ஆணை போட்டான். அவன் பையன் அது தெரியாம வழியில இருந்த தேனைத் தொட்டு நாக்குல வச்சான். ராஜா கொல்லத்தான் பார்த்தான். ஜனங்க விட்டாங்களா? கூச்சல் போட்டுக் காப்பாத்தினாங்க. நாமளும் கூச்சல் போடுவோம்."

வாசிப்பவர் தலையை ஆட்டினார். "போடலாம். ஆனா குறுக்கு வழி தேடினவங்க கதையும் இருக்கு. ஒரு கோத்திரத்துக்குப் பொண்ணு குடுக்க மாட்டோம்னு மத்த எல்லாரும் ஆணை போட்டாங்க. கோபம் தணிஞ்சதும் அழுதாங்க, ஐயோ ஒரு கோத்திரமே அத்துப் போகுதேன்னு. ஆணையையும் மீறக் கூடாது, பொண்ணும் போய்ச் சேரணும். என்ன பண்ணினாங்க? திராட்சைத் தோட்டத்துல ஒளிஞ்சிருந்து, ஆட வர்ற பொண்ணுங்களைத் தூக்கிட்டுப் போங்க, நாங்க குடுத்ததா ஆகாதுன்னு சொல்லிக் குடுத்தாங்க. ஆணை நின்னுச்சு. அந்தப் பொண்ணுங்களை யாரும் கேக்கலை."

தம்பி உளிப்பையைக் கீழே வைத்தார். அக்கா முந்தானையால் மேசையைத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

வாசிப்பவர் விளக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கண்ணாடிக்காரர் அவர் பின்னாலேயே தெருவில் இறங்கினார். நானும் அதே திசையில் போக வேண்டியவன், கூடவே நடந்தேன்.

"போன வாரம் வாசிச்சீங்களே," என்று கண்ணாடிக்காரர் ஆரம்பித்தார். அவர் ஒரு பேச்சை ஆரம்பித்து நான் கேட்டதில்லை. "ஒரு படைத்தலைவன், ஜெயிச்சு வந்தா வாசல்ல முதல்ல எதிர்ல வர்றதைப் பலி குடுக்கறேன்னான். பெத்த பொண்ணு வந்துட்டா. அந்த ஆணையை யாராலயும் மாத்தியிருக்க முடியாதா?"

"அவன் தானே போட்டது. தான் போட்டதைத் தானே அழிக்க அவனுக்கு வழி தெரியலை. அந்தப் பொண்ணு போட்ட ஆணையா இருந்தா, அவன் அழிச்சிருக்கலாம்."

"எப்படி?"

"சட்டத்துலயே இருக்கே. வருஷா வருஷம் வாசிக்கறோம். பொண்ணு போட்டா அப்பா, மனைவி போட்டா புருஷன். காதுல விழுந்த அன்னிக்கே வேண்டாம்னு சொல்லிட்டா அந்த ஆணை செல்லாது. கடவுளும் அவளை மன்னிச்சுடுவார்."

"அன்னிக்குப் பேசாம இருந்துட்டா?"

"பேசாம இருந்தா, அவனே கையெழுத்துப் போட்ட மாதிரி. ஆணை நின்னுடும்."

கண்ணாடிக்காரர் நின்றார். "கோடு போட்டுக்கிட்டிருந்தேன்," என்றார்.

வாசிப்பவர் விளக்கை மறுகைக்கு மாற்றினார். "கோட்டைப் பத்தி வேதத்துல ஒண்ணும் இல்லை," என்றார்.

"நாள் கழிச்சு வேண்டாம்னு சொன்னா?"

"சொல்லலாம். ஆனா குத்தம் அவன் தலைக்கு வரும். மீறினவன் அவன்தான்னு ஆகும்."

"அவ தலையில ஒண்ணும் இருக்காதே?"

"இருக்காது."

"சரி," என்று சொல்லிவிட்டு அவர் திரும்பி நடந்தார். அன்று சாயங்காலம் கூடத்தைத் திறந்து வைக்கும்படி வாசிப்பவர் என்னிடம் சொன்னார்.

வீட்டில் நடந்ததை அக்கா பிற்பாடு என்னிடம் சொன்னார். ஆணையை அழிக்கப் போவதாகக் கணவர் சொன்னதும் அவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை.

"நான் கொட்டினதை நீங்க எதுக்கு அள்ளணும்? வாக்கு இல்லாதவர்னு பின்னாடி உட்கார வச்சுடுவாங்க. ஊருல உங்களுக்குன்னு இருக்கறது அந்த ஒரு பேருதான்."

"அன்னிக்கு என்னைக் கேட்டியே, கேட்டீங்கல்லன்னு."

"ஆமா."

"இன்னிக்கு பதில் சொல்றேன். வேண்டாம். அந்த ஆணை வேண்டாம்."

"நான் ஒருத்தி இருக்கேன்ல, என்னைக் கேக்க மாட்டீங்களா?"

"கேக்கறேன். அம்மாவைப் பார்க்கணுமா, வேண்டாமா?"

அதைக் கேட்டதும் செருப்பைத் தேடினேன் என்று மட்டும் அக்கா என்னிடம் சொன்னார்.

கூடத்தில் அன்று அதிகம் பேர் இல்லை. கண்ணாடிக்காரர் முன்னால் வந்து நின்றார். அன்று நகத்தைச் சுரண்டவில்லை. "என் மனைவி ஆணையிட்டப்ப கேட்டேன். பேசலை. இப்ப அதைச் செல்லாதுன்னு சொல்றேன். குத்தம் என்னோடது," என்றார். முதல் வரிசையில் இருந்த துணிக்கடைக்காரர், "அவசரப்படாதீங்க. ரெண்டு நாள் யோசிச்சு வாங்க," என்றார். "ரெண்டு நாள் இல்லை," என்றார் கண்ணாடிக்காரர். வாசிப்பவர் சட்டத்தை எடுத்து வாசித்தார். பிறகு, இன்னார் இனிமேல் வாக்கு இல்லாதவர் என்று நானே பதிவில் எழுதினேன். அந்தப் பதிவில் நான் எழுதியிருந்த பல பெயர்களில் அதுவும் ஒன்று. எழுதிவிட்டு மை காயும்வரை அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அக்கா கூடத்து வாசலிலிருந்து நேரே தம்பி வீட்டுக்குப் போனார். வாசலில் தம்பியும் அவர் மனைவியும் நின்றிருந்தார்கள். படி இருந்த இடத்திலேயே இருந்தது. அக்கா கொஞ்சம் தயங்கினார் என்கிறார் தம்பியின் மனைவி. தயங்கவேயில்லை, என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு போனாள் என்கிறார் தம்பி.

பின்னறையில் அம்மா கண்ணை மூடிக் கிடந்தார். அக்கா கட்டிலோரம் உட்கார்ந்து போர்வையை இழுத்துச் சரி செய்தார். அம்மா கண்ணைத் திறந்தார்.

"யாரு உள்ளே விட்டது?"

"நானேதான் வந்தேன்."

"ஆணை?"

"உன் மாப்பிள்ளை அழிச்சிட்டார்."

அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, "எங்கே அவரு?" என்றார். கண்ணாடிக்காரர் தெருவில் அந்தப் பலகையில் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டு வந்தார்கள்.

"ஏன் மாப்பிள்ளை, இதை அன்னிக்கே சொல்லியிருந்தா?"

"கோடு பாதியில இருந்துச்சு அத்தை."

"அந்தக் கண்ணாடி என்னாச்சு?"

"சரியா விழுந்துச்சு."

"அதுவாவது உருப்பட்டுச்சே," என்றார் அம்மா. மறுபடி கண்ணை மூடிக்கொண்டு, "தலை சிக்கு விழுந்து கிடக்கு. பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கா," என்றார்.

அந்த இரவைத் தாண்ட மாட்டார் என்று எல்லோரும் நினைத்தோம். தாண்டினார். குளிர் முடியும்வரை இருந்தார். அக்கா தினமும் அந்தக் கட்டிலோரம்தான். போர்வை கனமா லேசா, பால் சூடா ஆறினதா என்று இரண்டு பேரும் ஓயாமல் சண்டை போட்டார்கள். நடுவில் அம்மா தூங்கிப்போவார். ஒருநாள் காலை அப்படித் தூங்கியவர் எழுந்திருக்கவில்லை. அக்கா பக்கத்தில் இருந்தார்.

கண்ணாடிக்காரர் கூடத்தில் கடைசி வரிசைக்கு மாறினார். அதைப் பற்றி அவர் பேசவில்லை. பேச மாட்டார். ஆனால் ஊர் அவருடைய சாட்சிக்குப் பழகியிருந்தது. செருப்புத் தைக்கிறவருக்கும் சாயப்பட்டறைக்காரருக்கும் நடுச்சுவர் யாருடையது என்று தகராறு வந்தபோது இருவரும் நேரே கண்ணாடிக் கடைக்குத்தான் வந்தார்கள்.

"கூடத்துல சொல்ல வேண்டாம். எங்ககிட்ட மட்டும் சொல்லுங்க. அந்தச் சுவரு எழும்பறப்ப நீங்க பார்த்திருக்கீங்க."

"எனக்கு வாக்கு இல்லை," என்று சொல்லிவிட்டு அவர் மக்கு பிசைந்தார்.

அப்போது வாசிப்பவருக்கு ஒன்று நினைவு வந்தது. அந்தச் சுவர் எழும்பியதை, பக்கத்து வீட்டுக்கு அளவு எடுக்கப் போன அக்காவும் பார்த்திருந்தார். கூடத்திலிருந்து ஆள் அனுப்பினோம். அக்கா மிரண்டுபோனார்.

"நானா? ஆணை போட்டவளே நான்தானே. என்னை எப்படிக் கூப்பிடறீங்க?"

"அது அழிஞ்சு போச்சு. உங்க மேல ஒண்ணும் இல்லை," என்றார் வாசிப்பவர். "நீங்க மீறவே இல்லைன்னுதான் சட்டம் சொல்லுது."

"அவரு பின்னாடி உட்கார்ந்திருக்க, நான் முன்னாடி நிக்கணுமா?"

"அப்படித்தான் வருது."

விசாரணை நாளில் அக்கா முன்னால் வந்து நின்றார். தெருவே கேட்கிற மாதிரிப் பேசுகிறவர், சுவரைப் பற்றிக் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் இவ்வளவு யோசிப்பார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. "சாயப்பட்டறைக்காரர் கல்லு இறக்கினதைப் பார்த்தேன். ரெண்டு பேரும் சேர்ந்து கட்டினாங்க. பணம் யாரு குடுத்தாங்கன்னு தெரியாது." அவ்வளவுதான் சொன்னார். இன்னும் ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு, வாயைத் திறந்து, மூடிக்கொண்டு, இல்லை என்று தலையாட்டினார். அதை வைத்துச் சுவர் இருவருக்கும் பொது என்று முடிவாயிற்று.

கூட்டம் கலைந்து வெளியே வந்தபோது அக்கா கணவருக்காக வாசலில் நின்றார். பின்வரிசைக்காரர்கள் கடைசியில்தான் வெளியே வருவார்கள்.

"அதிகமாப் பேசிட்டேனா?" என்று கேட்டார்.

"இல்லை," என்றார் கண்ணாடிக்காரர். சில அடி நடந்த பிறகு, "இன்னும் ரெண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம்," என்றார்.